அத்தியாயம் 6: இரைச்சல் இல்லாத வால்வு ப்ரீஆம்ப்

வால்வு ப்ரீஆம்ப் கட்டி முடித்து முதன்முதலாக ஸ்பீக்கரோடு இணைக்கும்போது, பாட்டுக்கு முன்னால் பலர் காதில் விழுவது ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். உடனே வால்வின் மேல் பழியைப் போட்டு, விலை கூடிய பழைய வால்வைத் தேடி அலைவார்கள். புது வால்வைச் செருகினாலும் ரீங்காரம் போகாது. ஹீட்டர் வயர் போன வழி, எர்த் சேர்த்த இடம், டிரான்ஸ்பார்மர் வைத்த மூலை, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கோளாறு ஒளிந்திருக்கும். மூன்றுமே சர்க்யூட் வரைபடத்தில் தெரியாதவை. அதனால் சர்க்யூட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கட்டும் முறையில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

இங்கே கட்டப்போவது சி.டி. பிளேயர், டியூனர், கம்ப்யூட்டர் போன்றவற்றைப் பவர் ஆம்போடு இணைக்கும் ஸ்டீரியோ ப்ரீஆம்ப். இசைத்தட்டுக்கான ஃபோனோ பகுதி இதில் இல்லை. முதல் முயற்சியிலேயே அதில் கைவைக்க வேண்டாம்.

முதலில் பாதுகாப்பு

இந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்னழுத்தம் இருக்கும். அது ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

1. மூடியைத் திறக்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாக எடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.
2. 5 நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் கையை உள்ளே விடக்கூடாது.
3. சார்ஜ் மிச்சமிருந்தால் 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நல்ல உறை போட்ட வயரைப் பற்றவைத்து, அதன் வழியாக வடியவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணிலும் தெறிக்கும்.
4. மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால், கறுப்புப் ப்ரோபை முதலை கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு ப்ரோபை ஒரே கையால் பிடித்து அளங்கள். இன்னொரு கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். மோதிரம், கடிகாரம், சங்கிலி எதுவும் உடம்பில் வேண்டாம்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் உயர் அழுத்தத்தில் கைபட்டால் அந்த மின்னோட்டம் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாது. அது விழவும் விழாது. அதை நம்பி எந்த வேலையும் செய்யாதீர்கள்.

எவ்வளவு பெருக்கம் தேவை?

சி.டி. பிளேயர் அதிகபட்சமாக ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. வீட்டுப் பவர் ஆம்ப்களில் பெரும்பாலானவை 1 வோல்ட் வாக்கிலேயே முழுச் சத்தம் போட்டுவிடும். ப்ரீஆம்ப் அதிகம் உழைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் பெயர் பெற்ற வால்வு என்பதற்காகப் பலர் ஈசிசி83-ஐ (அதுவேதான் 12ஏஎக்ஸ்7) எடுக்கிறார்கள். அதன் பெருக்க எண் 100. சர்க்யூட்டில் போட்டால் எளிதாக 50 மடங்கு பெருக்கும். பிறகு வால்யூமை மயிரிழை திறந்தாலே வீடு அதிரும். வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் பிறக்கும் இரைச்சலோ, குமிழ் எங்கே இருந்தாலும் 50 மடங்காகி வெளியே வரும். தேவைக்கு மேல் பெருக்கம் வைத்தால் தேவைக்கு மேல் இரைச்சலும் வந்தே தீரும்.

நம் வால்வு ஈசிசி82, அதாவது 12ஏயூ7. பெருக்க எண் சுமார் 17 முதல் 20. ஈசிசி88 இன்னும் அமைதியானது என்பது உண்மைதான். ஆனால் அது துடிப்பானது, வயரிங் கொஞ்சம் பிசகினாலும் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் தானாக ஊசலாடத் தொடங்கிவிடும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

சர்க்யூட்

ஒரு சேனலுக்கு ஒரு ஈசிசி82, ஆக மொத்தம் இரண்டு. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இரண்டு டிரையோடு உண்டு. முதல் பாதி பெருக்கும். இரண்டாம் பாதி கேத்தோடு ஃபாலோயராக நின்று, நீளமான கேபிளையும் பவர் ஆம்பையும் சிரமமின்றி ஓட்டும். பின் எண்களைச் சாக்கெட்டின் அடிப்பக்கத்திலிருந்து, கடிகாரம் சுற்றும் திசையில் எண்ண வேண்டும்.

உள்ளே வரும் சிக்னல் 50 கிலோ ஓம் லாக் வால்யூம் கண்ட்ரோலுக்குப் போகிறது. நடு முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 2ஆம் பின், அதாவது கிரிட். 2ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். குமிழின் தொடுமுனை தேய்ந்து ஒரு கணம் விட்டுப்போனாலும் கிரிட் அந்தரத்தில் தொங்காதிருக்க இது உதவும். 3ஆம் பின் கேத்தோடு, அங்கிருந்து கிரவுண்டுக்கு 1.8 கிலோ ஓம். அதற்குக் குறுக்கே கெப்பாசிட்டர் போட வேண்டாம். போடாததால் பெருக்கம் சுமார் 9 மடங்கில் நிற்கும், சிதைவும் குறையும். 1ஆம் பின் ஆனோடு, அங்கிருந்து 250 வோல்ட் லைனுக்கு 47 கிலோ ஓம், 2 வாட்.

1ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக நேரே 7ஆம் பின்னுக்குப் போங்கள். 6ஆம் பின் நேராக 250 வோல்ட் லைனில். 8ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம், 2 வாட். வெளியீடு 8ஆம் பின்னிலிருந்து 2.2 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலிப்ராப்பிலீன் கெப்பாசிட்டர் வழியாக. அதன் வெளி முனையிலிருந்து கிரவுண்டுக்கு 470 கிலோ ஓம்.

பலர் விட்டுவிடும் ஒரு சிறு பொருள் உண்டு. 7ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் நடுவே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை 8ஆம் பின் பக்கமாக. ஸ்விட்ச் போட்டதும் வால்வு சூடேறும்வரை 7ஆம் பின்னில் முழு உயர் அழுத்தமும் நிற்கும், கேத்தோடு பூஜ்ஜியத்தில் கிடக்கும். அந்த இடைவெளியில் வால்வுக்குள் பொறி பறக்கலாம். டையோடு இருந்தால் கேத்தோடையும் கூடவே மேலே இழுத்துவிடும். வால்வு ஓடத் தொடங்கியதும் டையோடு தானே ஒதுங்கிக்கொள்ளும்.

சாமான் வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவில் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். வால்வு மட்டும் தனியாகத் தேட வேண்டியிருக்கலாம். ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வு தயாரித்தது. பழைய ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் அந்தச் சரக்கு கண்ணில் பட்டால் சோதித்து வாங்கலாம். இல்லையென்றால் இன்றைக்கு ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவில் தயாராகும் புது வால்வே போதும்.

ரெசிஸ்டர் அத்தனையும் மெட்டல் ஃபிலிம். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டருக்குத் தனி ‘ருசி’ உண்டு என்று சொல்வார்கள். அழுத்தம் அதிகமுள்ள ஆனோடு இடத்தில் அது ‘ஸ்ஸ்’ என்று இரையும் என்பதுதான் நிச்சயம். வால்யூம் கண்ட்ரோல் 50 கிலோ ஓமுக்கு மேல் வேண்டாம். ரெசிஸ்டன்ஸ் ஏற ஏற வெப்ப இரைச்சலும் ஏறும். 100 கிலோ ஓம் குமிழ் நடுவாக்கில் நிற்கும்போது தானாகவே சுமார் 3 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும், 50 கிலோ ஓமில் அது 2. சாக்கெட் பீங்கானில் இருக்கட்டும்.

டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கொடுக்கும் கடையில் ஆர்டர் கொடுப்பது நல்லது. 220 வோல்ட் 50 மில்லிஆம்பியர், 15 வோல்ட் 1 ஆம்பியர் என இரண்டு சுற்று. கோர் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஷீல்டு வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். பெரிய கோரில் காந்தப்புலம் வெளியே கசிவது குறையும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் இந்தப் பெட்டியில் பணத்தைப் போட வேண்டிய இடம் இதுதான்.

உயர் அழுத்த சப்ளை

யூஎஃப்4007 டையோடு நான்கில் பிரிட்ஜ். அதன்பின் 100 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர். இது முதல் கெப்பாசிட்டர். அடுத்து 2.7 கிலோ ஓம் 3 வாட், மறுபடி 100 மைக்ரோஃபாரட். அங்கிருந்து இரண்டு கிளை பிரியும். ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக 5.6 கிலோ ஓம் 2 வாட், 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட். சேனல்களைப் பிரித்துவிட்டதால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்குள் சப்ளை வழியாகப் புகாது.

முதல் கெப்பாசிட்டரில் சுமார் ஒன்றரை வோல்ட் அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் அலை இருக்கும். இந்த இரண்டு வடிகட்டிகளும் சேர்ந்து அதை 25,000 மடங்குக்கு மேல் குறைத்துவிடும். சோக் தேவையில்லை, ரெகுலேட்டரும் தேவையில்லை.

முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 47 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகக் கட்டாயம் போடுங்கள். அணைத்த பிறகு சார்ஜை வடிப்பது இதுதான்.

ஹீட்டர்

இரண்டு வால்வின் ஹீட்டரையும் 12.6 வோல்ட் டி.சி.யில் ஓட்டுகிறோம். 4ஆம் பின்னும் 5ஆம் பின்னும் இணைப்பு, 9ஆம் பின் காலி. ஒரு வால்வுக்கு 150 மில்லிஆம்பியர், மொத்தம் 300.

15 வோல்ட் சுற்றிலிருந்து பிரிட்ஜ், 4,700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட், பிறகு 7812 ரெகுலேட்டர். 7812-இன் நடுக்கால் நேராக மைனஸுக்குப் போகாமல் ஒரு 1என்4007 வழியாகப் போகட்டும், கோடு மைனஸ் பக்கம். 12 வோல்ட் 12.6 ஆகிவிடும். உள்ளே ஒரு 0.33, வெளியே ஒரு 0.1 மைக்ரோஃபாரட், கால்களுக்கு ஒட்டியே.

இந்த ஹீட்டர் மைனஸை கிரவுண்டில் சேர்க்கக் கூடாது. கேத்தோடு ஃபாலோயரின் கேத்தோடு 130 வோல்ட் வாக்கில் நிற்கிறது. ஹீட்டர் பூஜ்ஜியத்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய காப்புப் பூச்சு அத்தனையையும் தாங்க வேண்டும். அதில் கசியும் மின்னோட்டமும் இரைச்சலாக வரும். அதனால் ஹீட்டரையே கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறோம். இரண்டாம் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 220 கிலோ ஓம் 1 வாட், அதன் கீழே கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம். நடுப்புள்ளியில் 50 வோல்ட் வாக்கில் வரும். 47 கிலோ ஓமுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் 100 வோல்ட். இந்த நடுப்புள்ளியில்தான் ஹீட்டர் மைனஸைச் சேர்க்க வேண்டும்.

எச்சரிக்கை: 7812-இன் உலோக முதுகு இப்போது 50 வோல்ட்டில் இருக்கிறது. சேஸிஸில் திருகும்போது மைக்கா தகடும் பிளாஸ்டிக் வாஷரும் போட்டே தீர வேண்டும். திருகிய பிறகு முதுகுக்கும் சேஸிஸுக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த்: இதில் அவசரப்படாதீர்கள்

இரண்டு எர்த் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று உயிர் காக்கும் எர்த். மூன்று பின் பிளக்கின் பச்சை வயர், பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், பல் வாஷர் போட்டு, தனித் திருகில் சேஸிஸோடு நிரந்தரமாக முறுக்கப்பட வேண்டும். ரீங்காரம் நிற்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். டிரான்ஸ்பார்மரின் காப்பு ஒருநாள் உடைந்தால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

மற்றது சிக்னல் கிரவுண்ட். தடித்த செம்புக் கம்பி ஒன்றைப் பெட்டியின் நீளத்துக்கு ஓட்டி, சேஸிஸைத் தொடாமல் நிறுத்துங்கள். அதில் இணைப்புகள் சேரும் வரிசைதான் முக்கியம். பிரிட்ஜின் மைனஸ் முதலில் முதல் கெப்பாசிட்டரின் மைனஸ் காலுக்கு நேராகப் போக வேண்டும். கம்பி தொடங்குவது அந்தக் காலிலிருந்து. அடுத்து இரண்டாம் கெப்பாசிட்டர், அடுத்து சேனல் கெப்பாசிட்டர்கள், பிறகு ஃபாலோயர், முதல் நிலை, வால்யூம் கண்ட்ரோல், கடைசியாக உள்ளீட்டு ஆர்.சி.ஏ. சாக்கெட். அழுக்கான மின்னோட்டம் ஒரு முனையில், நுட்பமான சிக்னல் மறு முனையில்.

மிக அதிகம் பேர் செய்யும் பிழை பிரிட்ஜுக்கும் முதல் கெப்பாசிட்டருக்கும் நடுவில் கிரவுண்டை எடுப்பது. அந்தத் துண்டு வயரில் நொடிக்கு 100 முறை கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் துடிப்பு ஓடுகிறது. வயரின் ரெசிஸ்டன்ஸ் சிறிதுதான். அதில் விழும் சில மில்லிவோல்ட்டே சிக்னலோடு சேர்ந்து 9 மடங்காகி ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ என்று கேட்கும். எத்தனை கெப்பாசிட்டர் கூட்டினாலும் போகாத இரைச்சல் இது. இணைப்பை இரண்டு அங்குலம் நகர்த்தினால் நின்றுவிடும்.

சிக்னல் கிரவுண்டைச் சேஸிஸோடு ஒரே ஒரு இடத்தில், உள்ளீட்டுச் சாக்கெட் பக்கத்தில் சேருங்கள். நேராக அல்ல, 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக. அதற்கு இணையாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றின் பிளஸ், மைனஸ் கால்களைச் சேர்த்துக் கட்டி, இரண்டு ஏ.சி. கால்களையும் கிரவுண்டுக்கும் சேஸிஸுக்கும் கொடுங்கள். சாதாரண நேரத்தில் பவர் ஆம்போடு உண்டாகும் எர்த் வளையத்தை 10 ஓம் தடுக்கும். கோளாறு வந்தால் பிரிட்ஜ் மின்னோட்டத்தைத் தாங்கி எர்த்துக்கு அனுப்பும். இந்த ஏற்பாட்டுக்கு ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் சேஸிஸைத் தொடாத இன்சுலேட்டட் வகையாக இருக்க வேண்டும்.

கட்டும் வரிசை

1. துளை போடுமுன் சாமான்களைக் காலி சேஸிஸின் மேல் பரப்பி வையுங்கள். டிரான்ஸ்பார்மர் ஒரு மூலை, உள்ளீடு எதிர் மூலை. அலுமினியத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. தூரம்தான் தடுக்கும். முடிந்தால் சப்ளையைத் தனிப் பெட்டியில் வைத்து 1 மீட்டர் தள்ளிவிடுங்கள்.
2. வால்வு சாக்கெட்டை ரப்பர் குரோமெட் மேல் பொருத்துங்கள். ஸ்பீக்கரின் அதிர்வு வால்வுக்குள் போகாது.
3. மெயின்ஸ் பக்கம்: 500 மில்லிஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ், இரு முனையும் துண்டிக்கும் சுவிட்ச். திறந்த முனை எதற்கும் ஹீட்-ஷ்ரிங்க் போடாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.
4. ஹீட்டர் வயரை நெருக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையை ஒட்டியே கொண்டுபோங்கள். டி.சி.தானே என்று கிரிட் அருகே விடாதீர்கள்.
5. உயர் அழுத்த சப்ளை, கிரவுண்டுக் கம்பி.
6. கடைசியாக சிக்னல் பகுதி. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரிட் பின்னோடு ஒட்டி நிற்கட்டும். அதன் கால் ஒரு அங்குலம் நீண்டாலும் அதுவே ஏரியல் ஆகிவிடும். உள்ளீட்டிலிருந்து வால்யூமுக்குப் போகும் ஷீல்டு வயரில் ஷீல்டைக் குமிழ்ப் பக்கம் மட்டும் சேருங்கள். சிக்னலின் மைனஸுக்கு அதற்குள்ளேயே தனி இழை வேண்டும். குமிழின் உலோக உடலைச் சேஸிஸோடு இணையுங்கள்.

குறிப்பு: ஷீல்டு வயரும் ஏ.சி. வயரும் குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். அருகருகே சேர்ந்து ஓடக் கூடாது.

மின்சாரம் கொடுக்கும் நாள்

1. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸில் தொடராக இணையுங்கள். எல்.இ.டி. பல்பு ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், சாமான் தப்பிக்கும்.
2. வால்வு செருகாமல் ஸ்விட்ச் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். ஹீட்டர் முனைகளுக்கிடையே 12.4 முதல் 12.8 வோல்ட், உயர் அழுத்தம் 300-க்கு மேல். வால்வு இல்லாததால் எல்லாக் கெப்பாசிட்டரிலும் ஏறக்குறைய முழு அழுத்தம் நிற்கும், பயப்பட வேண்டாம்.
3. அணைத்து, 5 நிமிடம் கழித்து, வடிந்துவிட்டதா என்று அளந்து பாருங்கள். வடியும் ரெசிஸ்டர் வேலை செய்கிறதா என்பதற்கும் இதுவே சோதனை.
4. வால்வுகளைச் செருகி, பல்பை எடுத்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். 1 நிமிடம் கழித்து அளங்கள். சேனல் லைனில் 240 முதல் 270, 1ஆம் பின்னில் 110 முதல் 140, 3ஆம் பின்னில் 4 முதல் 5.5 வோல்ட். 8ஆம் பின் 1ஆம் பின்னைவிடச் சில வோல்ட் மட்டும் மேலே இருக்க வேண்டும்.
5. எல்லாம் சரியென்றால் மட்டும் பவர் ஆம்பை இணையுங்கள். எப்போதும் ப்ரீஆம்பை முதலில் போட்டு, 1 நிமிடம் கழித்துப் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ‘தும்’ என்ற அடி ஸ்பீக்கரின் மேல் விழும்.

மிச்சமிருக்கும் இரைச்சலைப் பிடிப்பது

எதையும் மாற்றுமுன் காதால் பிரித்துக் கேளுங்கள். அடித்தொண்டையிலிருந்து வரும் மெல்லிய ‘ம்ம்’ 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அல்லது எர்த் வளையம். கரகரப்போடு வரும் ‘ர்ர்’ 100 ஹெர்ட்ஸ். சப்ளை அல்லது கிரவுண்டு வரிசை. சந்தேகமாக இருந்தால் போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முன் பிடியுங்கள்.

அடுத்து வால்யூம் குமிழைத் திருப்பிப் பாருங்கள். பூஜ்ஜியத்திலும் அதே சத்தம் என்றால் கோளாறு குமிழுக்குப் பின்னால், பெட்டிக்குள் இருக்கிறது. திறக்கத் திறக்கக் கூடினால் உள்ளீட்டுக் கேபிளையோ, சிக்னல் தரும் கருவியையோ பாருங்கள். இரு முனையிலும் அமைதி, நடுவில் மட்டும் ரீங்காரம் என்றால் குமிழிலிருந்து கிரிட் வரை போகும் வயரின் ஷீல்டு சரியில்லை.

காந்தப்புலம் என்று தோன்றினால் டிரான்ஸ்பார்மரின் திருகுகளைக் கழற்றுங்கள். மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு முறையும் கால்வட்டம் திருப்பி வைத்து, மறுபடி போட்டுக் கேளுங்கள். ஏதாவதொரு கோணத்தில் சத்தம் சட்டென்று இறங்கும். அங்கேயே முறுக்கிவிடலாம். சதுர அலை தரும் மலிவு இன்வர்ட்டரில் வீடு ஓடும் நேரத்தில் வரும் ‘ஜ்ஜ்’ சத்தத்துக்காகப் பெட்டியைத் திறக்காதீர்கள். மின்வாரிய மின்சாரம் வந்ததும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

படபடவென்று பொரியும் சத்தம் பெரும்பாலும் வால்வின் அழுக்கேறிய பின், சரியாகப் பிடிக்காத ஈயம், அல்லது கெட்டுப்போன ஆனோடு ரெசிஸ்டர். இரண்டு வால்வையும் இடம் மாற்றிச் செருகுங்கள். சத்தம் அடுத்த சேனலுக்குப் போனால் வால்வு, போகாவிட்டால் வயரிங். கடைசியாக, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டுங்கள். லேசான ‘டொக்’ இயல்பு. மணி அடித்தாற்போல் நீண்டு ஒலித்தால் அது மைக்ரோஃபோனிக் வால்வு, அதை மாற்றிவிடுங்கள்.

உள்ளீட்டு முனைகளை ஷார்ட் செய்து, வால்யூமை முழுக்கத் திறந்து, வெளியீட்டை மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் ஏ.சி. அளவில் பாருங்கள். 0.1-க்கு மேல் காட்டாவிட்டால் 1 வோல்ட் சிக்னலுக்கு 80 டெசிபெல் கீழே இரைச்சல் இருக்கிறது. மூடியைத் திருகிவிடலாம்.